காபியை நிறுத்தச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் குடும்பச் செலவைக் குறைப்பது பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் நான், என் மகள், என் மாமியார் என மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் படித்தோம். வெளியே சாப்பிடுவதை விடுங்கள், சினிமாவைக் குறையுங்கள், காபியை நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தது. அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. காலை ஐந்தரைக்கு ஒரு டம்ளர், மதியம் மூன்று மணிக்கு ஒரு டம்ளர், இரண்டும் ஃபில்டர் காபி. அந்த இரண்டு டம்ளரில்தான் அவருடைய நாள் முழுக்க ஓடுகிறது. படித்து முடித்துவிட்டு, "நான் குடிக்கிறதுனாலயா உங்களுக்கு மிச்சமாகல?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருச்சி திருவானைக்காவலில், வாடகை வீடு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் கல்லூரி முதல் வருடம், மகன் எட்டாம் வகுப்பு. இரண்டு சம்பளம் இருந்தும் இருபதாம் தேதிக்கு மேல் கை வறண்டுவிடும். 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்த பிறகு வந்த முதல் முழு பில்லைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தேன். தினசரி நாள்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்றைய செலவை எழுதுவது, மாதக் கடைசியில் நூல் போட்டுக் கட்டி வைப்பது, அவ்வளவுதான் என் கணக்குப் புத்தகம். மூன்று மாதத் தாள்களைப் பார்த்ததிலேயே ஒன்று தெரிந்துபோனது. நாங்கள் ஆசைப்பட்டுச் செய்த செலவு எங்களைச் சாய்க்கவில்லை. ஹோட்டல், சினிமா, துணிமணி எல்லாம் சேர்ந்தாலும் சிறிய தொகைதான். யாரும் ஆசைப்படாமல், யாரும் முடிவெடுக்காமல், பழக்கத்தால் தானாகப் போய்க்கொண்டிருந்த பணம்தான் பெரிது. தண்ணீர் கேன், பெட்ரோல், கரண்ட், கேஸ், நாப்கின், தரை துடைக்கும் திரவம், மாதா மாதம் தானே கழிந்துகொள்ளும் போன் சந்தாக்கள். இவற்றில் எதையும் யாரும் ரசித்து அனுபவிக்கவில்லை. அத்தையின் காபியை அவர் ஒவ்வொரு மிடறாக ரசிக்கிறார். எதில் கை வைக்க வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெளிவாகிவிட்டது.

முதலில் கரண்ட். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், முதல் 100 யூனிட் இலவசம், இது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட் என்ற கோடு எவ்வளவு முக்கியம் என்பது பல வீடுகளில் தெரியாது. 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு பாதி விலைதான். 501 ஆகிவிட்டால் அந்தச் சலுகை மொத்தமாகப் போய்விடுகிறது, அந்த ஒரு யூனிட்டுக்காகவே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறோம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறிக்கொண்டே போகும். எங்கள் வீட்டில் 2023 ஏப்ரல், மே ரீடிங் 640. அந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று யூனிட் எண் வரும்வரை காத்திருந்து குறித்துக்கொள்கிறேன். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று ஒவ்வொன்றாக மாறி மாறி வரும், பக்கத்தில் கேடபிள்யூஎச் என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. வாரா வாரம் பார்த்தால், எந்த வாரம் ஏன் ஏறியது என்று வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும். மருமகனோடு நாத்தனார் வந்து தங்கிய வாரமா, மகன் பரீட்சை லீவில் இருந்த வாரமா என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் மின்விசிறி. பழைய ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி என்று இப்போது விற்கிற ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட்டுக்கு அக்கம்பக்கம்தான் இழுக்கிறது. ஒரு ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையது 54 யூனிட், புதியது 22 யூனிட். எங்கள் வீட்டில் மூன்று ஃபேன், ஆக 97 யூனிட் வித்தியாசம். விலை ஒன்று மூவாயிரம் ரூபாய் அளவுக்கு ஆகிறது, மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க எங்களால் முடியவில்லை, தீபாவளி போனஸில் ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, சித்திரையில் ஒன்று என்று வாங்கினோம். கழற்றிய பழைய ஃபேனை எக்ஸ்சேஞ்சில் போடாமல் ஊரில் மாடு கட்டியிருக்கும் கொட்டகைக்கு ஒன்றைக் கொடுத்தோம். ஏசியை 20-ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமே சொல்கிறது, 2020-லிருந்து புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்றும் விதி போட்டிருக்கிறது. நாங்கள் 26-ல் வைத்து, ஃபேனையும் மெதுவாக ஓடவிடுகிறோம். அக்னி நட்சத்திரத்தில்கூடத் தூக்கம் கெடவில்லை. செட்டாப் பாக்ஸை ரிமோட்டில் அணைத்தால் அது தூங்குவதில்லை, சூடாகவே இருக்கும், தொட்டுப் பாருங்கள். சுவர் சுவிட்சில் அணைக்க வேண்டும்.

2024 ஏப்ரல், மே ரீடிங் 450. அந்த ஒரு பில்லில் மட்டும் சுமார் 1,700 ரூபாய் குறைந்தது. யாரும் வியர்வையில் உட்காரவில்லை, யாரும் இருட்டில் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்குத் தனி மீட்டர் இருக்கிறது, புண்ணியம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்குகிற இடங்களில் குடியிருப்பவர்களுக்கு இலவச 100 யூனிட்டும் கிடையாது, குறைந்த விலையும் கிடையாது. என் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் அக்கா அப்படித்தான் கட்டுகிறார், என்னைவிடக் கூடுதலாக. வசதி இருக்கிறவருக்கு மலிவு, இல்லாதவருக்கு விலை. சொந்த வீட்டுக்காரர்கள் மாடியில் சூரிய மின்தகடு போட பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் வாங்குகிறார்கள், வாங்கட்டும், நல்லதுதான். வாடகைக்காரருக்கு அந்த மாடியில் துணி காயப்போடவே அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் நான் சொல்வதெல்லாம் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகக்கூடிய சேமிப்பாக இருக்கிறது. ஃபேனைக் கழற்றலாம். பழக்கத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை, கூடவே வரும்.

தண்ணீர் கேன் கதை வேறு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவில் குடியிருந்துகொண்டு இரண்டு நாளுக்கு ஒரு கேன் என்று மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆற்றுப்படுகையில் கிணறு இறக்கி எடுக்கிற மாநகராட்சித் தண்ணீரைக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மட்டும் வைத்துக்கொண்டு, எந்த ஊர் போர்வெல்லில் எடுத்தது என்று தெரியாத தண்ணீரைக் காசு கொடுத்துக் குடித்தோம். கணவரின் நண்பரிடம் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைப் பார்க்கும் கருவியை இரவல் வாங்கிப் பார்த்தேன், முந்நூறைத் தாண்டவில்லை. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்பதுதான் இந்தியத் தர அளவு. அப்படிப்பட்ட தண்ணீருக்கு உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. எதற்கு? உள்ளே விடுகிற தண்ணீரில் பாதிக்கு மேல் சாக்கடைக்கு அனுப்பும் இயந்திரம் அது. ஆனால் டிடிஎஸ் எண் கிருமியைப் பற்றி எதுவும் சொல்லாது, அதை மறந்துவிடக் கூடாது. குழாய் உடைந்து சாக்கடை கலந்தாலும் அந்த எண் நல்லதாகவே காட்டக்கூடும். அதனால் குடிக்கிற தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆறவைத்து மண்பானையில் ஊற்றுகிறோம். ஆற்றில் புதுவெள்ளம் வந்து தண்ணீர் கலங்கலாக வரும் நாட்களில் அத்தை தேத்தான்கொட்டையைப் பானையின் உட்பக்கம் உரசிவிட்டுத் தெளியவைக்கிறார், தெளிந்த பிறகுதான் அடுப்பு. சந்தேகம் இருப்பவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி மாதிரியைக் கொடுத்துப் பார்க்கலாம். எல்லா ஊருக்கும் நான் இதைச் சொல்லவில்லை, உப்புத்தண்ணீர் வருகிற ஊர்க்காரர்களுக்கு வேறு வழியில்லை என்று எனக்குத் தெரியும். நல்ல தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்தும் கேன் வாங்குகிற எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது.

கொதிக்க வைக்கும் கேஸை யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானே கேட்டுக்கொண்டதுதான். முன்பு ஒரு சிலிண்டர் முப்பது நாள் வந்தது. பருப்பை அரைமணி ஊறவைத்துப் போடுவது, எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்துக்குள் ஒரே மூச்சில் சமைத்து முடிப்பது, மூடி போட்டு வேகவைப்பது, பர்னரைக் கழற்றிக் கழுவி நீலச் சுவாலை வருகிறதா என்று பார்ப்பது, இவ்வளவில் நாற்பது நாள் வரை போனது. இதில் பெரிய விஷயம் சாதம்தான். ஊறிய அரிசியைப் பானையில் கொதிக்கவிட்டு ஐந்து நிமிடம் ஆனதும் இறுக மூடி இறக்கி, பழைய ஜமுக்காளத்தில் நாலு சுற்றுச் சுற்றி ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் முக்கால் மணி நேரத்தில் தானாக வெந்துவிடுகிறது. அடியில் பிரிமனை இருந்தால் இன்னும் நல்லது, பெட்டி சுடாது. வைக்கோலைத் திரித்துச் செய்த அந்த வளையம் என் அம்மா வீட்டில் அடுப்படிக்கு அடுப்படி இருந்தது. இப்போது பொங்கல் சமயத்தில் காந்தி மார்க்கெட் பக்கம் கிடைத்தால் உண்டு. குடிநீர் காய்ச்ச ஆரம்பித்த பிறகு சிலிண்டர் நாற்பதிலிருந்து முப்பத்து நான்கு நாளுக்கு இறங்கியது. ஆக, தண்ணீருக்கு மாதம் நூறு முதல் நூற்றைம்பது ரூபாய் வரை கேஸ். கேனுக்குப் போன ஐந்நூறோடு ஒப்பிட்டால் லாபம்தான், ஆனால் முழு ஐந்நூறும் மிச்சம் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பெட்ரோலுக்கு நான் செய்தது மிகச் சுலபமானது. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடம் நான் அதைத் தொடவே இல்லை, ஸ்கூட்டியில்தான் போனேன், ஏதோ அது மற்றவர்களுக்கான திட்டம் என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு மாதம் ஒன்பது லிட்டர் பெட்ரோல் விலை. எங்கள் திருவானைக்காவல் ஸ்டாப்பில் ஒன்றாம் நம்பர் பஸ் அடிக்கடி வரும், அதில் பாதி தனியார் பஸ், அதில் காசு கொடுக்க வேண்டும், அரசுப் பஸ்ஸுக்குச் சில நாள் பத்து நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும். நின்றால் என்ன? இப்போது காலையில் எட்டு இருபதுக்கு ஸ்டாப்பில் நிற்கிற ஐந்து பெண்கள் எனக்குத் தோழிகள். அவர்களில் ஒருவர்தான் தென்னூர் உழவர் சந்தைக்குப் போகும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார். உழவர் சந்தை 1999-ல் மதுரையில் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறது என்று தெரியும், ஆனால் விடிந்து ஏழு மணிக்குள் போனால்தான் நல்ல காய் என்பதும், அன்றைய விலையைப் பலகையில் எழுதிப்போட்டிருப்பார்கள், பேரம் பேச வேண்டியதில்லை என்பதும் போனவர்களுக்குத்தான் தெரியும். ஸ்கூட்டி இப்போதும் இருக்கிறது. இரவில் அத்தைக்கு மூச்சு இரைத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக அது வேண்டும், அதை விற்கச் சொல்லி யாருக்கும் நான் புத்தி சொல்ல மாட்டேன்.

அடுத்தது, பத்திரிகையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்த விஷயம். எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் பாதி வாசகர்கள் பெண்கள். நாங்கள் வாங்கிய நாப்கின் எனக்கும் மகளுக்கும் சேர்த்து மாதம் இருநூற்றைம்பது ரூபாய்க்குக் குறையாது, வருடத்துக்கு மூவாயிரம். 2018-ல் ஜிஎஸ்டியை எடுத்தார்கள், அப்படியும் இவ்வளவு. மகள்தான் முதலில் மாதவிடாய்க் கோப்பையை வாங்கினாள், கல்லூரி விடுதித் தோழி சொல்லி. மருத்துவத் தரமுள்ள சிலிகானில் செய்தது, ஐந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கிறது, ஒழுங்காகக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து வைத்துக்கொண்டால் பத்து வருடம் வரைகூட வரும். எனக்கு முதல் இரண்டு மாதம் பயமாகவும் சங்கடமாகவும் இருந்தது, மூன்றாம் மாதம் பழகிவிட்டது. பழகாதவர்களும் உண்டு, கர்ப்பப்பைப் பிரச்சினை, காப்பர் டி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கட்டாயப்படுத்தும் விஷயமில்லை இது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தின் கும்பளங்கி என்ற ஊரில் வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்து ஆயிரக்கணக்கில் கோப்பைகள் கொடுத்தார்கள், 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத முதல் பஞ்சாயத்து என்று அறிவித்தார்கள். நம் மாநகராட்சிகள் ஏன் ஒரு வார்டில் செய்து பார்க்கக் கூடாது? துப்புரவுப் பணி செய்கிற பெண்கள் கையால் பிரிக்கிற குப்பையில் நாம் சுருட்டி எறிவதையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால் பணக் கணக்கே இரண்டாம்பட்சம்தான்.

எல்லாம் கைகூடியது என்று எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. மாடித்தோட்டத்தில் முதல் வருடம் பை, தென்னை நார்க்கழிவு, மண், விதை என்று போட்டது நாலாயிரம், பறித்தது ஐந்நூறு ரூபாய்க் கத்தரிக்காய், அதிலும் பாதி மாவுப்பூச்சி. இப்போது கறிவேப்பிலை, கீரை, பிரண்டை, கற்பூரவல்லி, இதோடு நிறுத்திக்கொண்டோம், அதற்கு எந்தப் பையும் உரமும் வாங்குவதில்லை. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஆறு மாதத் துவரம்பருப்பை வாங்கி வைத்து வண்டு விழுந்தது. எலுமிச்சை, சாத்துக்குடித் தோலில் செய்யும் நொதிக்கரைசல் மட்டும் நன்றாக அமைந்தது. வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விட்டு, மூன்று மாதம் கழித்து வடிகட்டினால் தரை துடைக்க, சிங்க் கழுவ வேறு எதுவும் வேண்டாம். கண்ணாடி பாட்டிலில் போடாதீர்கள், வெடிக்கும். துணி துவைக்க அது சரிப்படவில்லை, வெள்ளைச் சட்டைகள் பழுப்பாகிவிட்டன.

இன்னொன்றையும் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். இயற்கை வாழ்க்கை, மாற்று வாழ்க்கை என்று பெயர் போட்டே ஒரு பெரிய வியாபாரம் வந்துவிட்டது. மூங்கில் பல்துலக்கி, செம்பு பாட்டில், சணல் பையில் சுற்றிய சோப்பு, விலையைக் கேட்டால் கண் இருண்டுவிடுகிறது. வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில் பத்து இருக்கும்போது பருப்புப் போட்டு வைக்கப் புதிதாக ஜாடி வாங்கினால் அது சேமிப்பும் இல்லை, மாற்றும் இல்லை. இருப்பதை வைத்துச் செய்வதுதான் முதலில், அது தேய்ந்து உடைந்த பிறகு வாங்குவது.

உடைந்ததைச் சரிசெய்வது பற்றித்தான் எனக்கு மிகவும் ஆதங்கம். எங்கள் மிக்ஸி நின்றுபோனது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனால், இந்த மாடலுக்குப் பாகம் வருவதில்லை, புதிது எடுத்துக்கொள்ளுங்கள், பழையதற்கு ஐந்நூறு கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். பார்க்கக்கூட இல்லை, திருகாணியைத் திறக்கவே இல்லை. திரும்பி வரும் வழியில் ஒரு சின்னக் கடையில் மோட்டாருக்குக் காயில் (கம்பிச்சுருள்) கட்டும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்தேன். காயில் நன்றாக இருக்கிறதம்மா, கார்பன் தேய்ந்திருக்கிறது, ஜாரில் புஷ் போயிருக்கிறது என்றார். முந்நூற்று ஐம்பது ரூபாய். அது நடந்து இரண்டு வருடமாகிறது, இன்று காலைகூட அதில்தான் சட்னி அரைத்தேன். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது, கம்பெனிகள் பாகங்கள், கையேடு பற்றிய விவரத்தை அதில் போட வேண்டும் என்று. நல்ல காரியம். ஆனால் என் தெருவில் எனக்குத் தேவைப்படுவது அந்தப் பெரியவரும் அவருடைய கை வேலையும். அவர் பையன் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. குடை தைப்பவர், ஜிப் மாற்றுபவர், குக்கர் கைப்பிடி போடுபவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர், இவர்கள் எல்லாம் ஒரு ஊரில் இருந்தால்தான் அந்த ஊரில் சிக்கனமாக வாழ முடியும். அவர்கள் போய்விட்டால் நாம் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

இரவல் வாங்குவதையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஏணி ஒன்று, டிரில்லிங் மெஷின் ஒன்று, விசேஷத்துக்கான இருபது லிட்டர் அண்டா ஒன்று, தையல் மெஷின் ஒன்று. நான்கும் நான்கு வீட்டில் இருக்கின்றன, பதினோரு வீட்டுக்காரர்கள் பயன்படுத்துகிறோம். புத்தகத்துக்கு மாவட்ட மைய நூலகம். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் ஊரே கட்டுகிறது, வாடகைக்காரர்கள் வாடகையில் கட்டுகிறோம், அப்படிப் பணம் கொடுத்துவிட்ட புத்தகத்தைப் போய் எடுத்துப் படிக்காமல் போனில் இரண்டு சந்தா வைத்திருந்தோம். ஒன்றை நிறுத்தினோம். மகன் அதற்கு இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், இப்போது சனிக்கிழமை அவனே என்னை நூலகத்துக்கு இழுக்கிறான்.

அப்புறம், மிச்சமான பணம் கண்ணில் பட்டால் நிற்காது. என் பாட்டி அரிசிப் பானைக்குள்ளும் அஞ்சறைப் பெட்டிக்குள்ளும் சிறுவாடு சேர்த்தார், தாத்தாவுக்குத் தெரியாமல். அந்தச் சிறுவாட்டுப் பணத்தில்தான் என் அம்மா பள்ளி இறுதி வரை படித்தார். நான் தபால் நிலையத்தில் ஐந்து வருட ஆர்.டி. போட்டிருக்கிறேன், மாதம் 2,500, சம்பளம் வந்த மூன்றாம் நாள் கட்டிவிடுவேன். கரண்டிலும் பெட்ரோலிலும் கேனிலும் குறைந்தது அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அது சேமிப்பு. இல்லாவிட்டால் அதே பணம் வேறு ஒரு ஓட்டை வழியாக ஒழுகிப் போய்விடும், முதல் ஆறு மாதம் எங்களுக்கு அப்படித்தான் போனது.

எதில் குறைக்கக் கூடாது என்பதையும் நீங்கள் எழுத வேண்டும், கட்டுரையில் அது இல்லை. பிள்ளைகளின் பால், முட்டை, பழம். அத்தையின் மாத்திரை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம். கீரை விற்கும் பாட்டியிடம் கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைத்து வாங்கிவிட்டு அதைச் சிக்கனம் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் செலவை இன்னொருவர் தலையில் இறக்கி வைப்பதற்குப் பெயர் வேறு. எங்கள் வீட்டு வேலைக்கு வருபவருக்கு இந்த வருடம் இருநூறு ரூபாய் கூட்டினோம், அதுவும் அந்த நாள்காட்டித் தாளில் இருக்கிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வல்லுநர்கள் எழுதும் யோசனைகளோடு, வாரம் ஒரு வீட்டின் உண்மையான கணக்கைப் போடுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் வேலையும் ஆள் எண்ணிக்கையும் போதும். சலவைத் தொழிலாளி வீடு, ஆட்டோ ஓட்டுநர் வீடு, ஓய்வூதியத்தில் இருக்கும் இருவர் வீடு. என்ன செய்து பார்த்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை, எத்தனை ரூபாய். அதோடு உங்கள் உள்ளூர்ப் பக்கத்தில் வார்டு வாரியாகப் பழுதுநீக்குபவர்களின் கடைகளைப் பட்டியல் போடுங்கள், விளம்பரக் கட்டணம் வாங்காமல். காயில் கட்டும் அந்தப் பெரியவரின் கடையில் பெயர்ப்பலகைகூட இல்லை, தெரிந்தவர்கள் மட்டும் போகிறார்கள். அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி முதல் முகவரியை நானே அனுப்புகிறேன். என் மூன்று வருடத் தாள்களும் கட்டுக் கட்டாக இருக்கின்றன. வேண்டுமென்றால் உங்கள் திருச்சி அலுவலகத்துக்கே கொண்டுவந்து தருகிறேன், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அத்தைக்கு இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டேன். மணி மூன்றாகிவிட்டது, டிகாஷன் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவானைக்காவல், திருச்சி.